தம்பி எழுதிய தாயம்

குகை, சேலம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் பையன், நம் தம்பி, டப்ளின் வந்து சேர்ந்ததும் முதல் வேலையாக லேப்டாப்பைத் திறந்து, தான் கம்ப்யூட்டரில் எழுதிய தாய ஆட்டத்தை உனக்குக் காட்டுவான். அதற்கு முன்னால் இதை நீ படித்துவிட வேண்டும் என்றுதான் அவசரமாக எழுதுகிறேன். அவன் காட்டட்டும், நீயும் உட்கார்ந்து ஆடு, முடிந்தால் தோற்றுப்போ. ஆனால் அவன் எழுதி வைத்திருப்பதில் கை வைக்காதே.

உன் கை சும்மா இருக்காது என்று எனக்குத் தெரியும். ஒரே வேலையை நாலு இடத்தில் அப்படியே திரும்ப எழுதியிருக்கிறான். சிவப்புக் காய்க்கு ஒரு தொகுதி, பச்சைக்கு ஒன்று, மஞ்சளுக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று. பிள்ளைகள் கட்டை கட்டையாக ஒட்டிப் புரோகிராம் எழுதுகிற ஸ்கிராட்ச்சில் அதைக் காப்பி பண்ணி இழுத்துப் போடுவது சுலபம், அதனால் இழுத்துப் போட்டிருக்கிறான். நீ பார்த்ததும் "மை பிளாக்ஸ்னு ஒண்ணு இருக்குடா, ஒரு தடவை எழுதிட்டு வேணுங்கிற இடத்துல கூப்பிட்டுக்கலாம்" என்று ஆரம்பிப்பாய். மாப்பிள்ளை பக்கத்தில் இருந்தால் இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு மணி நேரத்தில் அழகாக்கிவிடுவீர்கள். அப்புறம் அது உங்கள் புரோகிராம் ஆகிவிடும், அவன் வேடிக்கை பார்ப்பவன் ஆகிவிடுவான்.

ஜூலை முழுக்க இங்கே என்ன நடந்தது என்று போனில் அரைகுறையாகத்தான் சொன்னேன். முதலில் அவன் செய்யப் பார்த்தது தாயம் இல்லை, ஏற்காடு மலைப் பாதை. ஒரு நாள் எல்லோரும் மேலே போய் வந்தோம். கொண்டை ஊசி வளைவு இருபதையும் போர்டு பார்த்து எண்ணிக்கொண்டே வந்தவன், இறங்கும்போது வாந்தி எடுத்துவிட்டான். மறுநாள் காலையில் எழுந்ததும் ஜீப் படம் வரைய உட்கார்ந்தான். பாதைக்குச் சாம்பல் நிறம், இரண்டு பக்கமும் பச்சை. ஜீப் பச்சையைத் தொட்டால் ஆட்டம் போச்சு. அதற்கு 'டச்சிங் கலர்' என்று ஒரு கட்டை இருக்கிறது, அதை அவனே தேடிக் கண்டுபிடித்தான். மலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் இறங்குகிற வண்டி வழி விட வேண்டும் என்று டிரைவர் சொன்னதையும் நினைவு வைத்து, எதிரே பஸ் வந்தால் பஸ் நிற்கும்படி செய்தான். எல்லாம் சரி, ஆனால் பாதையை ஓட வைப்பது அவன் நினைத்ததைவிடப் பெரிய வேலை. ஜீப் படத்துக்குக் கண்ணாடி, வைப்பர், பின்னால் ஸ்டெப்னி என்று வரைவதிலேயே நாள் போய்க்கொண்டிருந்தது. ஏழாவது வளைவோடு அது நிற்கிறது. கிடக்கட்டும், அழிக்காமல் வைத்திருக்கிறான்.

ஆடி நோன்பு நெருங்க நெருங்க தெருவில் கூட்டமும் மைக்செட் சத்தமும் ஆகிவிட்டது. வெளியே விளையாட இடமில்லை. உங்கம்மா பரணில் இருந்து தாயக்கட்டையை இறக்கினாள். அங்கிருந்துதான் இது தொடங்கியது.

அவன் முதலில் எழுதியதில் கட்டை உருட்டினால் 1 முதல் 12 வரை ஏதோ ஒரு எண் வரும். எட்டு விழுந்தது. உங்கம்மா சிரித்த சிரிப்பில் பையன் முகம் சுருங்கிவிட்டது. தாயத்தில் ஏது எட்டு? சரி என்று அடுத்ததாக விழக்கூடிய ஏழு எண்களை மட்டும் ஒரு லிஸ்ட்டில் போட்டு, அதில் ஒன்றை எடுக்கச் சொன்னான். 1, 2, 3, 4, 5, 6, 12. இப்போது பார்க்க எல்லாம் சரியாக இருந்தது. நான்கூட எதுவும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கம்மா ஒரு மதியம் முழுக்க அதில் ஆடிவிட்டுச் சொன்னாள்: "உன் டப்பா பித்தலாட்டம் பண்ணுது தம்பி. பன்னெண்டு இப்படிக் கொட்டாது."

கணக்குப் போட்டுப் பார்த்தால் அவள் சொன்னது துல்லியம். ஒரு கட்டைக்கு நாலு முகம்: ஒன்று, இரண்டு, மூன்று, இன்னொன்று வெறுமை. இரண்டு கட்டையும் சேர்ந்து 16 விதமாக விழலாம். பன்னிரண்டு விழ இரண்டும் வெறுமையாக விழ வேண்டும், அது 16இல் ஒரே ஒரு விதம். தாயம், அதாவது ஒன்று விழுவது, இரண்டு விதம். மூன்றுதான் அதிகம், நாலு விதம். தம்பியின் லிஸ்ட்டிலோ ஏழுக்கும் சம வாய்ப்பு. பன்னிரண்டு இரண்டு மடங்குக்கு மேல் விழுந்துகொண்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் நான் நிகழ்தகவு நடத்தி, பிள்ளைகள் கொட்டாவி விட்டது உனக்கும் தெரியும். அந்தப் பாடத்தை உங்கம்மா கையாலேயே உணர்ந்து வைத்திருக்கிறாள்.

நான் விடையைச் சொல்லவில்லை. இரண்டு கட்டையையும் அவன் கையில் கொடுத்து, ஒன்றின் மேல் பேனாவால் புள்ளி வைத்து, "எப்படியெல்லாம் விழும், எழுது" என்றேன். நோட்டில் பதினாறையும் எழுதினான். எழுதி முடித்ததும் ஒன்றும் பேசாமல் போய், ஸ்கிராட்ச்சில் ஏதோ ஒரு எண்ணை எடுத்துத் தரும் 'பிக் ரேண்டம்' கட்டை இரண்டை எடுத்து, இரண்டிலும் 0 முதல் 3 என்று போட்டு, கூட்டினான். கூட்டல் சைபர் என்றால் அதைப் பன்னிரண்டாக்கு. அவ்வளவுதான். பிறகு அவனாகவே ஆயிரம் தடவை உருட்டச் சொல்லி எண்ணிப் பார்த்தான். பன்னிரண்டு அறுபத்துச் சொச்சம்தான் வந்தது. ஆயிரத்தைப் பதினாறால் வகுத்துக்கொள்.

அடுத்த சண்டை இன்னும் பெரியது. தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மறுபடி போடலாம். இது வரைக்கும் எல்லோருக்கும் ஒத்துப்போகிறது. ஆனால் விழ விழ நகர்த்துவதா, எல்லாவற்றையும் சேர்த்து வைத்து, ஆட்டம் நின்றதும் விருப்பப்படி பிரித்து நகர்த்துவதா? உங்கம்மா ஆத்தூர்ப் பக்கம் ஆடியது ஒரு மாதிரி, பக்கத்து வீட்டு அத்தை ராசிபுரத்தில் ஆடியது வேறு மாதிரி. முப்பது வருஷமாக ஒரே திண்ணையில் ஆடியும் அவர்கள் இதைத் தீர்த்துக்கொண்டதே இல்லை. யார் குரல் ஓங்குகிறதோ அன்றைக்கு அவர் முறை. கம்ப்யூட்டரிடம் அது நடக்காது. ஏதாவது ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும். தம்பி இரண்டு பேரையும் உட்கார வைத்து, பெரிய மனுஷன் மாதிரி கேள்வி கேட்டான். வெட்டினால் மறு ஆட்டம் உண்டா? வெட்ட முடியாத வீடான மலையில் இரண்டு பேர் காயும் ஒன்றாக இருக்கலாமா? வெட்டாத காய் உள்சுற்றுக்குப் போகலாமா? அவர்கள் "அதெல்லாம் ஆடும்போது தெரியும்" என்றார்கள். "இல்ல அம்மாயி, இப்பவே தெரியணும்" என்றான். கடைசியில் ஆட்டம் தொடங்குமுன் 'ஆத்தூர்' அல்லது 'ராசிபுரம்' என்று இரண்டு பொத்தான் வைத்துவிட்டான். பத்து வயதுப் பையனுக்கு இதை யார் சொல்லிக் கொடுத்தது? நான் இல்லை.

பலகை ஏழுக்கு ஏழு. ஸ்கிராட்ச் மேடை 480க்கு 360, நடு மையம் சைபர். ஒரு வீட்டுக்கு 50 வைத்தால் ஏழு வீடு 350, மேலும் கீழும் ஐந்தைந்து மிச்சம். இதை நாங்கள் தரையில் சாக்பீஸால் போட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்தோம். வெளிச்சுற்று 24 வீடு, அடுத்தது 16, அதற்குள் 8, நடுவில் காய் போய்ச் சேரும் பழம். ஒவ்வொரு வீட்டின் எக்ஸ், ஒய் எண்களைத் தடத்தின் வரிசையில் லிஸ்ட்டில் ஏற்றிவிட்டால், காய் 'இப்போது நிற்கும் எண் கூட்டல் விழுந்த எண்' என்று பார்த்துப் போய்விடும். இந்த யோசனையை மட்டும் நான் கொடுத்தேன்.

இங்கேதான் உனக்குக் கை அரிக்கப் போகிறது. நாலு பக்கத்து ஆட்டக்காரர்களுக்கும் நாலு தடம், ஒவ்வொன்றுக்கும் எக்ஸ் ஒரு லிஸ்ட், ஒய் ஒரு லிஸ்ட், மொத்தம் எட்டு. எல்லாவற்றையும் கையால் அடித்தான். ஒரே தடம் போதும், பலகையைக் கால் வட்டம் திருப்பினால் எக்ஸ் இருந்த இடத்துக்கு மைனஸ் ஒய்யும், ஒய் இருந்த இடத்துக்கு எக்ஸும் வரும் என்று எனக்குத் தெரியாதா? நாற்பது வயது வரை கரும்பலகையில் அதைத்தானே போட்டுக்கொண்டிருந்தேன். வாயை மூடிக்கொண்டு இருந்தேன், பாப்பா. மூன்றாவது தடம் அடிக்கும்போது "தாத்தா, எல்லாத்துலயும் அதே நம்பரே மாறி மாறி வருதே" என்றான். "ஆமாம், வருது" என்றேன். அந்தச் சந்தேகம் அவனிடம் இருக்கிறது. அதை அவன்தான் முடிக்க வேண்டும். நீ சொல்லிவிட்டால் அவனுக்கு அது இன்னொரு சூத்திரம்.

மாப்பிள்ளை பைதான் வகுப்பில் சேர்க்கலாமா என்று கேட்டதாகச் சொன்னாய். இங்கேயும் நோட்டீஸ் தினம் வருகிறது, ஆறு வயதில் ஆப், எட்டு வயதில் ஏஐ என்று. பைதான் நல்ல மொழி, நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு நிறுத்தக்குறி விட்டுப்போனதற்காகச் சிவப்பு எழுத்தில் திட்டு வாங்குகிற வேலையை இப்போதே ஏன் கொடுக்க வேண்டும்? ஸ்கிராட்ச்சில் பொருந்தாத கட்டை ஒட்டவே ஒட்டாது, அதனால் அவன் சிக்கலெல்லாம் ஆட்டத்தைப் பற்றிய சிக்கலாகவே இருக்கிறது. நீ ஆறாம் வகுப்பில் லோகோ என்ற கம்ப்யூட்டர் மொழியின் ஆமையை வைத்துக் கோலம் போட்டாயே, அதே வம்சம்தான் இது. 1967இல் பேப்பர்ட்டும் அவர் கூட்டாளிகளும் குழந்தைகளுக்கென்று லோகோவைச் செய்தார்கள். அவர் இருந்த அமெரிக்காவின் எம்ஐடியிலேயே ரெஸ்னிக் குழு 2007இல் ஸ்கிராட்ச்சை வெளியிட்டது. உனக்கு அந்த ஆமையை யாரும் அவசரப்படுத்தவில்லை. நீ ஒன்றும் பின்தங்கிப் போய்விடவில்லை.

லிஸ்ட்டும் காப்பியும் அவனுக்கே அலுத்து, "இதுக்கு வேற வழி இல்லையா அம்மா?" என்று கேட்பான். அன்றைக்குச் சொல். மை பிளாக்ஸ் சொல், ஒரு காயையே பல காயாக்கும் குளோன் சொல், பைதானும் சொல். தாராளமாக.

இன்னொரு விஷயம். காய்களுக்கு ஆடித் திருவிழா ஊர்வலமான வண்டி வேடிக்கையில் பார்த்த வேடங்களை வரைந்திருக்கிறான். நீலக் காய்தான் சிவன். கழுத்தில் இருப்பது பாம்பு, மப்ளர் இல்லை. சிரித்துவிடாதே.

உங்கம்மா ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் ஆட வருவாளாம். உங்கள் நேரம் காலை பத்து என்றால் இங்கே மதியம் இரண்டரை, சாப்பிட்டுவிட்டு உட்காருவாள். ஆத்தூர் முறைதான் என்று இப்போதே சொல்லச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா