மூன்றாவது பிளான் கிடைத்தது

அன்புள்ள மகனுக்கு,

நீ அனுப்பின மூன்றாவது பிளான் வட்ஸ்அப்பில் கிடைத்தது. சந்திக் கடையில் பெரிய தாளில் அச்செடுத்து மேசையில் விரித்து வைத்திருக்கிறேன். கொம்மாவின் முழங்கால் நோ அப்படியேதான். மற்றப்படி சுகம். நாலு ஞாயிறாய் கோல் வராததால் எழுதுகிறேன் என்று நினைக்காதே. கோடும் அளவும் போனில் கதைத்தால் விளங்காது, அதனால்தான் கடிதம்.

பிளான் வடிவாய் இருக்கிறது, பொய் சொல்லவில்லை. கீறினவரின் படிப்பு கோட்டில் தெரிகிறது. ஆனால் இது அனலைதீவில் கட்டுகிற வீடு என்று கீறினவருக்கு யாரும் சொல்லவில்லைப் போல. கறுப்புத் தகரப் பெட்டி, தட்டைக் கூரை, மேற்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி. கனடாவின் ஜோர்ஜியன் பே தீவுகளில் கருங்கற் பாறைக்கு மேலே அது நன்றாய் நிற்கும். இங்கே கீழே சுண்ணாம்புக்கல், சுற்றிவர உப்புக் காற்று.

மார்ச்சில் வந்த பிளானில் கிழக்கு மூலையில் 8க்கு 10 அடியில் ஒரு சின்ன அறை இருந்தது. சுவரோரம் இரண்டு தட்டுக் கட்டில் கூடக் கீறியிருந்தது. இதில் அந்த அறையைக் காணவில்லை. சுருக்கினது நல்லதுதான். இரண்டு சுவர் குறைந்தால் சுமார் 180 புளொக்கல் மிச்சம், ஊர்காவற்றுறையில் இருந்து வள்ளத்தில் ஏற்றி இறக்கும் கூலியும் மிச்சம். தண்ணீர்த் தொட்டிக் கணக்குக்கு மட்டும் ஆள்தொகை வேணும். அதைப் பிறகு கேட்கிறேன்.

முதலில் கண்ணாடி. 3 மீற்றருக்கு 2.4 மீற்றர், 10 மில்லிமீற்றர் தடிப்பு என்று போட்டிருக்கிறது. ஒரு சதுர மீற்றர் 25 கிலோ, ஆகவே ஒரு கண்ணாடி 180 கிலோ. அதை வள்ளத்தில் இருந்து இறங்குதுறைக்கு யார் தூக்குகிறது? தூக்கினாலும் சோளகக் காற்றுத் தொடங்கினதும் உப்புப் படிந்து, ஒரு கிழமையில் கடல் தெரியாது. கழுவ நல்ல தண்ணீர் வேணும். அது எங்கே இருக்கிறது? 3 அடி அகல மரக் கதவுகள் ஆறு போடு, மேற்பாதியில் சாய்வுப் பலகை வைத்து. பூட்டினாலும் காற்றுப் போகும். வருடத்தில் பதினொரு மாதம் பூட்டிக் கிடக்கப் போகிற வீடு இது, அதை மறக்காதே. காற்றுப் போகாத வீட்டில் மெத்தை பூஞ்சணம் பிடிக்கும், கறையான் அலுமாரிக்குள் புற்றுக் கட்டும்.

வெயிலையும் பிழையாய்க் கணக்குப் போட்டிருக்கிறார். கனடாவில் சூரியன் எப்போதும் தெற்கில், அதனால் தெற்குப் பக்கம் தாழ்வாரத்தை நீட்டி வடக்கை வெறுமையாய் விட்டிருக்கிறார். எங்களுக்கு ஏப்ரல் நடுவில் சூரியன் உச்சிக்கு வந்து வடக்கே போய்விடும், ஓகஸ்ட் கடைசியில்தான் திரும்பும். நீங்கள் வருகிற ஜூலையில் மத்தியானச் சூரியன் வடக்கே சரிந்து நிற்கும். குசினிச் சுவர் வடக்கில்தான் இருக்கிறது. சமைக்கிற ஆள் வெந்துபோகும். மருமகளுக்கு வெக்கை ஒத்துவராது என்று உனக்குத் தெரியும்தானே.

தட்டைக் கூரை வேண்டவே வேண்டாம். நாலு பக்கமும் சாய்த்த கூரை, 25 பாகைக்கும் 30 பாகைக்கும் இடையில் சாய்வு. புயலில் காற்று தூக்கிக்கொண்டு போவது குறைவு. விறாந்தைக் கூரையைப் பெரிய கூரையோடு ஒரே துண்டாய் நீட்டாமல் தனியாய்க் கட்ட வேணும். காற்று முதலில் பிடிப்பது அதைத்தான், போனால் அது மட்டும் போகட்டும். கூரை ஓரத்திலும் முகட்டிலும் தகரத்தின் ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு திருகாணி, நடுவில் ஒன்றுவிட்டு ஒன்று. ஆணி கூடாது. கைமரத்தைத் தீராந்தியோடு துத்தநாகம் பூசின பட்டியால் கட்டி, பட்டியைச் சுவருக்கு மேலே ஓடுகிற கொங்கிறீற் வளையத்துக்குள் இறக்க வேணும். 1964 டிசெம்பர்ப் புயல் தனுஷ்கோடியை மட்டும் அடிக்கவில்லை, எங்கள் வடக்கையும்தான் அடித்தது. கைமரத்துக்கு வைரம் பாய்ந்த பனைச் சிலாகை நல்லது, உப்புக்கு அசையாது. ஆனால் தறிக்க அனுமதி எடுக்க வேணும், நினைத்த உடனே தறிக்கேலாது.

கரையில் இருந்து 300 மீற்றருக்குள் கட்டினால் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி வேணும், பிரதேச சபைக்குக் கொடுப்பது வேறு. எங்கள் 4 பரப்புக் காணியும் அதற்குள்தான் வருகிறது. பிளானில் கடல் எல்லைக் கோடே இல்லை. போட்டு அனுப்பச் சொல்லு.

நீ போன மாதம் எழுதியிருந்தாய், பெரிய ஆர்கிடெக்ட் லெ கோர்பூசியேயே 12 அடிச் சதுரத்தில் ஒரு அறைக் குடிலில் இருந்தார், எனக்கும் அது காணும் என்று. தேடிப் படித்தேன். 1952இல் தெற்குப் பிரான்ஸ் கரையில் கட்டினது, பக்கத்துக்கு 3.66 மீற்றர். சரிதான். ஆனால் அதில் சமையலறை இல்லை, பக்கத்துச் சாப்பாட்டுக் கடைக்குப் போக ஒரு கதவு வைத்திருந்தார். அனலைதீவில் அந்தக் கடையை யார் நடத்துகிறது? அது மனைவிக்குப் பிறந்தநாள் பரிசாய்க் கீறின குடில் என்றும் போட்டிருந்தது.

காணியில் நிற்கிற பழைய சுவரை இடிக்க வேண்டாம். ஒன்றரை அடித் தடிப்பு முருகைக்கல், சுண்ணாம்புச் சாந்து. இன்றைக்கு அந்தக் கல் எடுக்கச் சட்டம் விடாது, இருக்கிறதை வைத்துக்கொள். அதற்குமேல் சீமெந்து பூசினால் உள்ளே இருக்கிற உப்பு வெளியே வர வழியில்லாமல் பூச்சைத் தள்ளும். விரலால் தட்டினால் வெறும் பெட்டி மாதிரிச் சத்தம் கேட்கும், பிறகு தட்டுத் தட்டாய் விழும். சுண்ணாம்புதான் பூச வேணும்.

கொங்கிறீற் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. சுவருக்கு மேலே 9க்கு 9 அங்குல வளையம் ஒன்று போதும். 12 மில்லிமீற்றர்க் கம்பி நாலு, 6 அங்குலத்துக்கு ஒரு வளையக் கம்பி, எல்லாப் பக்கமும் கம்பிக்கு வெளியே 50 மில்லிமீற்றர் கொங்கிறீற். ஊருக்குள்ளே 25 போடுவார்கள், கடற்கரையில் அது காணாது. கலவை ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று: சீமெந்து, மண், சல்லி. ஒரு பை சீமெந்துக்குத் தண்ணீர் 22 லீற்றர், அதற்குமேல் ஒரு சிரட்டை கூட வேண்டாம். மேசன்மார் இழுக்கச் சுகமாய் இருக்கும் என்று 30 ஊற்றுவார்கள், விடாதே. கலக்கிறதுக்கும் நனைக்கிறதுக்கும் நல்ல தண்ணீர். கடல்மண் வேண்டாம். சல்லியும் பெருநிலத்தில் இருந்து வரட்டும், முருகைச் சல்லி வேண்டாம். மண் வந்து இறங்கினதும் ஒரு பிடியைக் காய்ச்சிவடித்த தண்ணீரில் கலக்கி, தெளிந்ததும் நாலு துளி வெள்ளி நைத்திரேற்று விடு. பால் மாதிரி வெளுத்தால் உப்பு, திருப்பி அனுப்பு. கழுவின மண் என்று சொல்லுவார்கள். சொல்லுக்கு எடுக்காதே. கடல்மண் வேண்டாம்.

இதை ஏன் இரண்டு தரம் எழுதுகிறேன் என்றால், எங்கள் வீட்டு முன் கொங்கிறீற் தட்டுக்குக் கடல்மண் போட்டது மேசன் இல்லை, நான். ஏ9 பாதை திறந்த பிறகு, 2003இல் சீமெந்து வந்த நேரம், நல்ல மண்ணுக்கு இரண்டு கிழமை நிற்க வேண்டியிருந்தது. நாள் வைத்தாயிற்று என்று நான்தான் கரை மண்ணை அள்ளச் சொன்னேன். அந்த மனிசன் வேண்டாம் ஐயா என்று சொன்னவர். பிறகு இத்தனை வருடமாய் அவர் செய்த பிழை என்று உன்னிடமும் கொம்மாவிடமும் ஊரிடமும் சொன்னேன். அவர் செத்துப் போய்விட்டார். ஒரு வீடு எப்படிக் கட்டுகிறதென்று ஊருக்குச் சொன்ன ஓவசியர் நான்.

2011இல் கம்பி ஓடுகிற பக்கமாய் நூல் மாதிரி ஒரு மண்ணிறக் கோடு தெரிந்தது. எனக்கு அது என்னவென்று தெரியும். சீமெந்துப் பாலைத் தடவிப் பொங்கலுக்கு முதல் பெயின்ற் அடித்தேன். திரும்ப வந்தது, திரும்ப அடித்தேன். 2019இல் ஒரு துண்டு விழுந்தது. கொம்மா கீரை ஆய்கிற கதிரைக்கு மேலே, அவ எழும்பிப் போய்ப் பத்து நிமிசம். மேலே பார்த்தால் 12 மில்லிமீற்றர்க் கம்பி பெருவிரல் தடிப்புக்கு ஊதி, வெங்காயத் தோல் மாதிரி உரிந்துகொண்டு நிற்கிறது. உள்ளே நல்ல இரும்பு பென்சில் அளவுதான். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும், அதுதான் கொங்கிறீற்றை வெடிக்க வைக்கிறது. முதற் கோடு தெரிந்த அன்றைக்கு ஆரிடமாவது வாய் திறந்திருந்தால் மூன்று அடி நீளத்தை உடைத்து, கம்பிக்குப் பின்னால் ஒரு அங்குலம் குடைந்து, வெள்ளை இரும்பு தெரிய உரசி, நல்ல கலவை நிரப்பியிருக்கலாம். ஓவசியர் வீட்டில் வெடிப்பு என்று சனம் கதைக்கும் என்று பூசிப் பூசி வைத்திருந்தேன். கொம்மாவுக்கு இது இன்னும் தெரியாது. நீ சொல்லவேண்டாம், நான் சொல்லுவேன்.

சரி, தண்ணீர். கிணற்றில் மோட்டர் பூட்டுகிற எண்ணத்தை விடு. தீவில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மிதக்கிறது. மேல்மட்டம் ஒரு அடி இறங்கினால் கீழே உப்பு நாற்பது அடி ஏறப் பார்க்கும். வாளியால் அள்ளினால் கிணறு தாங்கும், மோட்டர் ஒரு சோளகத்தில் அதைக் கெடுத்துவிடும். மலகூடக் குழியும் கிணற்றுக்கு 15 மீற்றர் தள்ளி என்று போட்டிருக்கிறது. சுண்ணாம்புக்கல் வெடிப்பால் அழுக்கு ஓடிவரும். 30 ஆக்கு, அடியையும் சீமெந்தால் மூடு.

அப்போ குடிக்க, குளிக்க மழைத் தண்ணீர்தான். கூரை 60 சதுர மீற்றர். ஒரு மில்லிமீற்றர் மழைக்கு 60 லீற்றர். ஒக்ரோபர் தொடக்கம் டிசெம்பர் வரை 600 மில்லிமீற்றர் என்று குறைத்துப் போட்டு, சிந்தினது ஐந்தில் ஒன்று கழித்தாலும் 28,800 லீற்றர் பீலியால் வரும். சிக்கல் வேறு. மழை டிசெம்பரோடு முடியும், நீங்கள் வருவது ஜூலையில். ஏழு மாதம் இருட்டில் மூடி வைக்க வேணும். ஒவ்வொரு மழையிலும் முதல் 60 லீற்றர் கூரையைக் கழுவி வெளியே போக ஒரு குழாய், நுளம்பு போகாமல் வாய்க்கு வலை.

ஆளுக்கு ஒரு நாள் 60 லீற்றர், நாலு கிழமை. மூன்று பேர் என்றால் 5040 லீற்றர். ஒராள் என்றால் 1680. நாங்கள் இரண்டு பேரும் வந்து நிற்கிறதென்றால் இன்னும் 3360. ஆயிரம் லீற்றர் ஒரு தொன், அதனால் தொட்டிக்குக் கீழே அத்திவாரம் ஆள்தொகையைப் பார்த்துத்தான் வெட்ட வேணும். வெட்டின பிறகு மாற்றேலாது. சின்னவள் வளருகிற பிள்ளை, அவளையும் முழு ஆளாய்த்தான் போட்டேன். அவள் அந்தத் தட்டுக் கட்டிலில் மேலேதான் படுப்பேன் என்று கொம்மாவிடம் சொன்னவள்.

எத்தனை பேர் என்று எழுது. எந்த இலக்கம் என்றாலும் அதற்குத் தக்கதாய் அத்திவாரம் வெட்டுவிப்பேன், ஏன் எதற்கென்று கேட்க மாட்டேன். வட்ஸ்அப்பில் இலக்கத்தை மட்டும் போட்டாலும் காணும்.

அப்பா