இழுவைமடிப் பேச்சுக்கு ஒரு திகதி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

போன கிழமை அண்ணாவின் வலையைக் கரையில் விரித்துப் பார்த்தோம். பன்னிரண்டு துண்டு கொண்டுபோனவர், திரும்பி வந்தது நாலு. மிச்சத்தைத் தமிழகத்திலிருந்து வரும் படகுகளின் இழுவைமடி, அதாவது கடலடியை வழித்து இழுக்கும் பெரிய வலை, வாரிக்கொண்டு போய்விட்டது. அறுந்த கயிற்றில் ஈயக் குண்டுகள் மட்டும் தொங்கின. அந்த வலைக்காக அடகு வைத்த அண்ணியின் சங்கிலி இன்னும் மீளவில்லை.

மீனவர் பிரச்சினையைப் பேசித் தீர்க்க இந்திய – இலங்கைக் கூட்டுப் பணிக்குழுவை 2016 இல் அமைத்தார்கள். அதன் ஆறாவது கூட்டம் 2024 ஒக்டோபரில் கொழும்பில் நடந்தது. எட்டு வருடத்தில் ஆறே ஆறு கூட்டம்! 2017 இல் இழுவைமடியை நம் நாட்டுச் சட்டமே தடை செய்துவிட்டது. சரி, அந்தச் சட்டத்தை மேசையில் வைத்து, இழுவைப் படகுகள் எந்தத் திகதியோடு நிற்கும் என்று அரசாங்கம் ஏன் கேட்டு வாங்கவில்லை?

ஏப்ரல் 15 முதல் 61 நாள் தமிழகக் கிழக்குக் கரையில் இழுவைப் படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களில்தான் எங்கள் ஆட்கள் பயமில்லாமல் வலை விடுகிறார்கள். அக்கரையில் இருப்பவர்களும் எங்கள் சனம்தான். எல்லை தாண்டிப் பிடிபட்டு அவர்கள் இங்கே சிறையில் கிடப்பதில் எங்களுக்குச் சந்தோசமில்லை. கடலின் அடியையே வழித்துக்கொண்டு போகும் அந்த மடிதான் வேண்டாம்.

அடுத்த கூட்டத்துக்கு முல்லைத்தீவு, மன்னார் சங்கங்களிலிருந்து இரண்டு பேரையாவது கூட்டிக்கொண்டு போங்கள்.

கடற்றொழில் குடும்பத்துப் பெண்,
முல்லைத்தீவு.