ரிஷபகுஞ்சரம் விலைபோன கதை

மாப்ளே,

ரிஷபகுஞ்சரம் விற்றுவிட்டது, அதுதான், எருதுக்கும் யானைக்கும் ஒரே தலையாக இருக்கிற தாராசுரம் கோயில் சிற்பத்தை வைத்து நான் போட்ட ஓவியம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ கடிதத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பாய். 85,000 ரூபாய். பேரமே இல்லை. நம்பு.

வீட்டில் எல்லோரும் சுகம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது என் படங்களில் உள்ள குறையெல்லாம் பளிச்சென்று தெரிகிறதாம். நம் ஓவிய வாத்தியார் மீசைக்காரர் ரிட்டயர்ட் ஆகிக் கும்பகோணத்திலேயே வீடு கட்டிவிட்டார். "அந்த நிழல் திருடன் எப்படி இருக்கான்?" என்று உன்னை விசாரித்தார். ஹைதராபாத்தில் கம்பெனிக்கு நிழல் விற்கிறான் சார் என்றேன். சிரித்தார், ஆனால் மீசை அசையவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஜனவரியில் பெங்களூர் போயிருந்தேன், சித்ர சந்தே என்கிற ஓவியச் சந்தைக்கு. சித்ரகலா பரிஷத்காரர்கள் 2003-லிருந்து வருஷா வருஷம் நடத்துவதுதான். குமாரகிருபா ரோட்டை ஒருநாள் அடைத்துவிட்டு, நடைபாதை முழுக்கப் படம். கூட்டம் என்றால் மகாமகக் கூட்டம். எனக்கு இந்தப் பக்கம் புத்தர், அந்தப் பக்கம் வாஸ்துவுக்கு ஓடுகிற ஏழு குதிரை. மத்தியானத்துக்குள் இருபத்தெட்டு குதிரைகளாவது கைமாறியிருக்கும். என் யாளியையும் புருஷாமிருகத்தையும் வந்தவர்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டு போனார்கள். ஒரு அம்மா, "இதை வீட்டில் மாட்டலாமா, ஆகுமா?" என்று கேட்டார். கோயில் தூணில் ஆகிறதே அம்மா என்றேன். 300 ரூபாய்க்கு ஒரு பிரிண்ட் வாங்கிக்கொண்டார்.

இன்னொரு கேள்விதான் ரத்தக் கொதிப்பு. "இது ஏஐயா சார்?" கேன்வாஸ் எதிரில், ஆளி எண்ணெய் வாசத்தில் நின்றுகொண்டு கேட்கிறார்கள்! ஒரு பையனைப் பக்கவாட்டில் நிற்கவைத்து வெயில் சாய்ந்து விழுகிற கோணத்தில் பார்க்கச் சொன்னேன். யானையின் நெற்றியில் கத்தியால் வைத்த வெள்ளை மேடு தட்டியிருக்கிறதே, அதற்குக் குட்டியாக ஒரு நிழல் விழுந்தது. பையன் "ஓ" என்றான். அவன் கையில் காசில்லை, ஆனால் அன்றைக்கு வந்தவர்களில் அவன்தான் ஒழுங்காகப் பார்த்தவன்.

நாலு மணிக்கு ஒருத்தர் வந்தார். ஒன்றும் பேசவில்லை. உள்ளங்கையை நீட்டி எருதின் உடம்பை மறைத்தார், யானையைப் பார்த்தார். பிறகு யானையை மறைத்தார், எருதைப் பார்த்தார். தாராசுரத்தில் சிற்பத்துக்கு முன்னால் நாம் படிப்பில் முதல் வருஷம் செய்த அதே வேலை! எனக்கு அங்கேயே பாதி விற்றுவிட்டது. "இந்தக் கண் யாருடையது?" என்று கேட்டார் பார், அதற்கு நான் ஓசியிலேயே கொடுத்திருப்பேன்.

ஏனென்றால் நான் மல்லாடியது அதில்தான். கல்லில் ஒரே தலை, இரண்டு உடம்பு, சிற்பி சுகமாகத் தப்பித்துக்கொண்டான். வண்ணத்தில் அது நடக்காது. யானைக் கண் சின்னது, சுற்றிலும் சுருக்கம், நீள இமைமுடி. மாட்டுக் கண் பெரிது, ஈரம். எது போட்டாலும் மற்றது செத்துப்போகிறது. கடைசியில் சுருக்கத்தை அடியில் இருக்கிற அம்பர் பழுப்புப் பூச்சிலேயே விட்டுவிட்டு, ஈரத்துக்கு மட்டும் மேலே மெல்லிசாக ஒரு பூச்சு கொடுத்தேன். இடப்பக்கம் நின்றால் எருது பார்க்கிறது, வலப்பக்கம் நின்றால் யானை.

சென்னையில் ஒரு கேலரிக்காரர் இதே படத்தை "நல்ல இலஸ்ட்ரேஷன்" என்று, கதைக்குப் போடுகிற படம்தான், ஓவியமில்லை என்கிற மாதிரி சொல்லித் திருப்பி அனுப்பினார். எடுத்திருந்தால் 40 சதவீதம் அவருக்குப் போயிருக்கும், அந்த வகையில் லாபம்தான். ஆனாலும் எரிச்சல் தீரவில்லை. அம்புலிமாமாவில் சங்கர் போட்ட விக்ரமன், உருவிய வாளும் தோளில் தொங்குகிற பிணமுமாக, அதைவிடவா ஒரு படம் நம் மண்டைக்குள் போய் உட்கார்ந்தது? எழும்பூர் ஓவியப் பள்ளியில் படித்தவர். 2020-இல், 96 வயதில் போனார். அதுவும் இலஸ்ட்ரேஷன்தான், அதனால் என்ன?

இனிமேல்தான் கவலை. வாங்கினவர் ஒரு கேம் கம்பெனி முதலாளி. போன வாரம் ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறார்: படத்தின் எல்லா உரிமையும், எல்லா ஊடகத்துக்கும், உலகம் முழுக்க, நிரந்தரமாக. இன்னொரு ஒன்றரை லட்சம் தருகிறாராம். தெரிந்த வக்கீலிடம் காட்டினேன். படத்தை விற்றாலும் காப்புரிமை (காப்பிரைட்) அதோடு சேர்ந்து போகாது, எழுதிக் கொடுத்தால்தான் போகும் என்றார். 1957 காப்புரிமைச் சட்டப்படி, எவ்வளவு காலம் என்று எழுதாவிட்டால் 5 வருஷம், எங்கே என்று எழுதாவிட்டால் இந்தியா மட்டும். இவர்கள்தான் இரண்டையும் கவனமாக எழுதியிருக்கிறார்களே! அவர்களே சொல்லி வரையவைத்திருந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், முதலிலேயே அவர்களுடையதாகியிருக்குமாம். நல்லவேளை, என்னை யாரும் வரையச் சொல்லவில்லை.

ஒன்றரை லட்சம் சின்னக் காசில்லை மாப்ளே. வாடகை, பையன் ஃபீஸ், எல்லாம் உனக்குத் தெரியும். ஆனால் போன தடவை நீ சொன்னது மனசை விட்டுப் போகவில்லை. இத்தனை வருஷமாக நீ வரைந்த டிராகன்களில் ஒன்றைக்கூட உன் பெண்ணிடம் காட்டமுடியாது, கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன் என்றாய். அன்றைக்குச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். நானும் சிரித்தேன்.

நீ திருவல்லிக்கேணி பிளாட்பாரத்தில் புத்தகம் வாங்கித் தலைமாட்டில் வைத்திருந்தாயே, அமெரிக்க ஓவியர் ஃப்ரசெட்டா, அந்த மனுஷன் அட்டைப்படங்களைப் பத்திரிகைக்காரர்களிடமிருந்து திரும்ப வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டார். 1969-இல் வரைந்த 'எகிப்திய ராணி' 2019 ஏலத்தில் 54 லட்சம் டாலருக்குப் போனது. அவர் 2010-லேயே போய்விட்டார், அது வேறு விஷயம். நம் சட்டத்திலும் 53ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது: அசல் ஓவியம் 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையானால் வரைந்தவனுக்குப் பங்கு உண்டு, அதிகபட்சம் 10 சதவீதம். யாருக்காவது கிடைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. உனக்குத் தெரிந்தால் சொல்.

என் யோசனை இதுதான்: அந்த ஒரு கேமுக்கு மட்டும், 5 வருஷம், அனுமதி. பிரிண்ட் விற்கிற உரிமை என்னிடம். படத்தை ஏஐ பயிற்சிக்குப் போடக்கூடாது என்று தனி வரி. பணத்தைப் பாதியாக்குவார்கள், ஆக்கட்டும். ரிஷபகுஞ்சரம் இரண்டாம் ராஜராஜன் காலத்துச் சமாச்சாரம், யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளட்டும். இந்தக் கண் மட்டும் என்னுடையது.

ஒப்பந்தத்தைத் தனியாக வாட்ஸப்பில் அனுப்புகிறேன். இந்த மாதிரிக் காகிதத்தில் எந்த வரியில் கத்தி இருக்கும் என்று உனக்குத்தான் தெரியும். வெள்ளிக்கிழமைக்குள் சொல். ஆறு மாசம் ஆகாமல் வார்னிஷ் அடிக்கக்கூடாது என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். மே மாதம் நானே போய் அடித்துத் தருவதாகப் பேச்சு. அதற்குள் சண்டை வராமல் இருக்கவேண்டும்.

தங்கச்சியையும் குட்டியையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் யாளி

பி.கு: பக்கத்துக் கடைக்காரர் சிபாரிசில் எனக்கும் ஒரு ஏழு குதிரை ஆர்டர் வந்திருக்கிறது. ஒரு குதிரைக்கு மட்டும் இறக்கை வைக்கலாமா என்று கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.