தலைமன்னார் பியருக்கும் பழைய பாலத்துக்கும் பெயர்ப்பலகை கேட்டு மன்னார் அரசாங்க அதிபருக்கு எழுதுற மனு

பெறுநர்:
மாவட்ட அரசாங்க அதிபர்,
மாவட்டச் செயலகம், மன்னார்.

பொருள்: மன்னார் தீவில அழிஞ்சு போன, அழிஞ்சு கொண்டிருக்கிற பழைய இடங்களுக்கு, சனம் சொல்லுற பேரோட பலகை வைச்சுத் தரச் சொல்லி.

மதிப்புக்குரிய ஐயா,

முதல்ல உங்கட செயலக (கச்சேரி) வாசலில மனு எழுதிக் குடுக்கிற ஆளிட்டத்தான் போனனான். அவர் ரெண்டு நிமிசம் கேட்டுப்போட்டு "மேற்படி விடயம் தொடர்பாகத் தங்களின் மேலான கவனத்திற்கு" எண்டு தொடங்கிட்டார், வாசிச்சுக் காட்டினா அதில நான் சொன்ன ஒண்டுமே இல்லை. சரி தம்பி வேண்டாம் எண்டு எழும்பி வந்திட்டன். இப்ப பேத்தியின்ர போன்ல நானே டைப் பண்ணுறன். கதைக்கிற மாதிரித்தான் எனக்கு எழுத வரும், நீட்டி முழக்கியிருந்தா மன்னிச்சுக்கொள்ளுங்கோ. எனக்கு அறுபத்தொன்பது வயசு. பிறந்தது தலைமன்னார் பியர், இப்ப இருக்கிறது டவுனில, சின்னக்கடைப் பக்கம்.

போன மாசம் பேத்தியைக் கூட்டிக்கொண்டு ரயில்ல பியருக்குப் போனனான். அங்க ஒரு ஓட்டோக்காரப் பொடியன் வெளியூர் ஆக்கள் நாலு பேரை நிப்பாட்டி வைச்சு, கடலுக்குள்ள துருப்பிடிச்சு நிக்கிற அந்த இரும்புக் கால்களைக் காட்டி, "இது நேவி கட்டினது, மீன் இறக்கிறதுக்கு" எண்டு விளக்கம் குடுக்கிறான். எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்லை. ஆனா பேந்து யோசிச்சுப் பாத்தா அவன்ர பிழை எண்டு சொல்லேலாது, அவன் பிறக்கேக்க அங்க கப்பலும் இல்லை ரயிலும் இல்லை, ஆர் அவனுக்குச் சொல்லிக் குடுத்தது? என்ர பேத்தியும் "அம்மப்பா அப்ப இது என்ன?" எண்டு கேக்குது. என்ர வீட்டிலயே நான் சொல்லேல்லை பாருங்கோ.

ஐயா, அந்த இரும்புக் கால்கள் இந்தியாக் கப்பல் வந்து கட்டின பழைய பியரின்ர மிச்சம். 1914ல அங்கால பாம்பன் பாலம் திறக்க, இஞ்சால தலைமன்னார் வரைக்கும் ரயில் பாதை வர, நடுவில கப்பல் ஓட, மெட்ராஸ் எழும்பூரில ஒரு டிக்கெட் எடுத்தா கொழும்புக் கோட்டை ஸ்டேசன் வரைக்கும் வரலாம் எண்டு இருந்தது. போட் மெயில் எண்டு அதுக்குப் பேர். முதல்ல தனுஷ்கோடிக்குத்தான் கப்பல் போனது. 1964 மார்கழிப் புயலில தனுஷ்கோடி ஊரே போச்சு, அந்தப் பக்கம் ஒரு ரயிலையே ஆக்களோட கடல் எடுத்திட்டுது. அப்ப எனக்கு எட்டு வயசு. எங்கட வீட்டுக் கூரையை அப்பா வலைக்கயிறால இழுத்துப் பனையில கட்டிப்போட்டு எங்களைக் கோயிலுக்குள்ள கொண்டு போய் விட்டவர், விடிய வந்து பாத்தா பனை நிக்குது, கயிறும் நிக்குது, கூரை இல்லை. அதுக்குப் பிறகு கப்பல் ராமேஸ்வரத்துக்கு ஓடினது. ராமானுஜம் எண்ட கப்பல்தான் எனக்கு நல்லா ஞாபகம், அப்பா கோஷன், இர்வின் எண்டு அதுக்கு முந்தின கப்பல்களைச் சொல்லுவார். அவர் பியரில மூட்டை தூக்கினவர். அம்மா ரயில் மேடையில தேத்தண்ணியும் இடியப்பமும் வித்தவ. போறவை சோப்பும் கிராம்பும் கொண்டு போவினம், வாறவை சீலையும் எவர்சில்வரும் கொண்டு வருவினம், கப்பல் வாற நாளில பியர் முழுக்க மல்லிகைப்பூ வாசமும் கருவாட்டு நாத்தமும் ஒண்டாத்தான் கிடக்கும்.

இதெல்லாம் சந்தோசமான கதை. மற்றக் கதையும் இருக்கு. 1964ல ரெண்டு அரசாங்கமும் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் எண்டு கையெழுத்து வைச்சு, தேயிலைத் தோட்டங்களில இருந்த, இந்திய வம்சாவளி மலையகச் சனத்தில 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்புறது எண்டு முடிவெடுத்தினம், அந்தச் சனத்தைக் கேட்டா முடிவெடுத்தவை? அவையள் பதுளை, ஹற்றன் பக்கத்தில இருந்து ரயில்ல வந்து எங்கட பியரிலதான் கப்பல் ஏறினவை. ரயிலால இறங்கி மேடையில குந்தியிருந்து அழுவினம், வழியனுப்ப வந்தவையும் அழுவினம், கப்பல் ஊதினா அந்தச் சத்தத்தை மிஞ்சி அழுகைச் சத்தம் கேக்கும். எங்களுக்கு, சின்னப் பொடியள், அது ஒரு பழகிப்போன சத்தம், அதை நினைச்சா இப்ப வெக்கமாக் கிடக்கு. ஒருநாள் அதில ஒரு மனிசி, என்ர அம்மாவிட்டத் தேத்தண்ணி வாங்கிக் குடிச்சுப்போட்டுக் காசுக்குப் பதிலா, தேயிலை மரம் வெட்டுற கவ்வாத்துக் கத்தி ஒண்டைச் சீலைத்தலைப்புக்குள்ளால எடுத்துக் குடுத்தவ. கப்பலில கத்தி கொண்டு போக விடமாட்டினம் எண்டு ஆரோ சொல்லியிருக்கினம் போல. "அங்க போய் எனக்கு இது எதுக்குங்க, அங்க தேயிலையா இருக்கு" எண்டு சொன்னதாம். வளைஞ்ச வாய், பிடியில கைபட்டுப் பட்டுக் கறுத்துப் பளபளத்து, பெருவிரல் வைக்கிற இடம் மட்டும் குழிஞ்சு போய்க் கிடந்தது. அம்மா அந்தக் கத்தியாலதான் இருபது வருசத்துக்கு மேல பனையோலை வெட்டினவ. அவவின்ர பெருவிரல் அந்தக் குழிக்குள்ள சரியாப் போகும்.

பிறகு சண்டை தொடங்கினதோட எண்பதுகளின்ர நடுவில கப்பல் நிண்டுது, 1990ல ரயிலும் நிண்டுது. அந்த வருசம் நாங்களும் வெளிக்கிட்டம். ராவோட ராவா வள்ளத்தில, பிள்ளையின்ர வாயைப் பொத்திக்கொண்டு. ஓட்டி மணல்திட்டியில இறக்கிப்போட்டு "இஞ்ச நில்லுங்கோ, விடிய ஆரும் வந்து ஏத்துவினம்" எண்டு சொல்லிப்போட்டுத் திரும்பிட்டான். நாலு பக்கமும் தண்ணி, நடுவில நாங்கள் பதினேழு பேர். ஏத்திக்கொண்டு போய் விட்டது இந்தியாவில, மண்டபம் அகதி முகாமில. அங்க போனாப் பிறகுதான் தெரியும், நாங்கள் சின்னனில பாத்துக்கொண்டு நிண்ட அந்த மலையகச் சனத்தையும் கப்பலால இறங்கினவுடன அதே முகாமுக்குத்தான் கொண்டு போனவையாம். அம்மா அதைக் கேட்டுப்போட்டு ஒண்டும் கதைக்கேல்லை. கத்தி வீட்டில விடுபட்டுப் போச்சு, திரும்பி வந்து பேசாலை முகாமில இருந்து போய்ப் பாத்தா வீட்டுச் சுவரும் இல்லை.

அதே 1990 ஒக்டோபரில எருக்கலம்பிட்டி, தாராபுரம், உப்புக்குளம் பக்கத்து முஸ்லிம் சனத்தையும் புலிகள் வெளியேத்தினவை, வடக்கு முழுக்கத்தான். கடலாலயும் தரையாலயும் கனபேர் புத்தளத்துக்குப் போனவை. அதைச் சொல்லாம எங்கட கதையை மட்டும் பலகையில எழுதினா அது பொய்ப் பலகை. இதைச் சொன்னா எங்கட ஆக்களில சிலபேருக்குப் பிடிக்காது, பிடிக்காட்டிப் பரவாயில்லை.

இப்ப என்ன கேக்கிறன் எண்டா, பியரில மிஞ்சிக் கிடக்கிற இரும்பை ஆரும் பழைய இரும்புக் கணக்கில வெட்டி வித்துப்போடாம நீங்கள் ஒரு கடிதம் போட்டுப் பாதுகாக்க வேணும். ஸ்டேசனால இறங்கி வாற வழியில ஒரு பலகை வேணும். அதில 1914 எண்டும் போடுங்கோ, 2015 மார்ச்சில இந்தியப் பிரதமர் வந்து கொடி காட்டித் திரும்ப ரயில் விட்டதையும் போடுங்கோ, அது நல்ல விசயம்தானே, ஆனா அதோட இந்த இடத்தால மலையகச் சனம் போனது எண்டும் ஒரு வரி போடுங்கோ. ஒரு வரி காணும்.

கோட்டைக்குப் பலகை இருக்குத்தானே எண்டு கேப்பியள். இருக்கு. 1560ல போர்த்துக்கீசர் கட்டினது, 1658ல ஒல்லாந்தர் பிடிச்சது, 1795ல வெள்ளைக்காரன் பிடிச்சது. வந்து பிடிச்சவன் எல்லாருக்கும் வருசம் இருக்கு ஐயா. அந்தக் கோட்டைக்குக் கல் சுமந்தவனுக்கும் உப்புச் சுமந்த கழுதைக்கும்தான் ஒரு வருசமும் இல்லை.

கழுதை எண்டோடன சிரிக்காதேங்கோ. அரபு வியாபாரியள் கொண்டு வந்து விட்டது எண்டு சொல்லுவினம். நான் பொடியனா இருக்கேக்க உப்பு, விறகு, நல்லதண்ணி எல்லாம் கழுதையிலதான் வரும், தீவில கன கிணறு உவர், அதால நல்லதண்ணி வாற நேரம் தெரிஞ்சு சனம் குடத்தோட நிக்கும், கழுதை வேண்டுமெண்டு போல ஆமை நடை நடக்கும். இப்ப அதுகள் மத்தியானத்தில பஸ் ஸ்டாண்ட் பக்கம் மதில் நிழலில ஒண்டின்ர முதுகில மற்றது தாடையை வைச்சுக்கொண்டு நிக்குது, பின்னேரம் குப்பையில சொப்பிங் பையைத் தின்னுது. வெளியூர் ஆக்கள் போட்டோ எடுக்கினம். இது ஏன் இந்த ஊரில மட்டும் இவ்வளவு நிக்குது எண்டு அவைக்குச் சொல்ல அந்த மதிலில ஒரு சின்னப் பலகை வைக்க என்ன செலவு?

பள்ளிமுனைப் பெருக்கமரத்தடியில (பாவோபாப் மரம்) எண்டா ஆக்கள் வருகினம், மரத்தைச் சுத்திக் கையைக் கோத்து நிண்டு படம் எடுக்கினம், வயசு எழுநூறு எண்டினம். ஆனா அதின்ர பூ ராவிலதான் விரியும், வௌவால் வரும், காயை உடைச்சா உள்ளுக்க இருக்கிற வெள்ளை மாவைப் பொடியள் புளிப்புக்குச் சூப்பித் தின்னுவம் எண்டு அங்க வாற ஆருக்கும் தெரியாது. அதையும் எழுதலாம்.

அடுத்தது பாலம். 2010ல திறந்த புதுப் பாலத்தால இப்ப எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு வந்து போகினம், பக்கத்தில உடைஞ்ச பழைய பாலத்தின்ர துண்டு ஆருக்கும் கண்ணில படுறதில்லை. அது 1990ல உடைஞ்சது. அதுக்குப் பிறகு இருபது வருசம் இந்தத் தீவால வெளிய போறதெண்டா என்ன பாடு எண்டு இப்ப இருக்கிற பிள்ளையளுக்கு விளங்காது. தள்ளாடி ஆமிச் சோதனைச் சாவடியில இறங்கி, பாஸ் காட்டி, பையைக் கவிட்டுக் காட்டித் திரும்ப அடுக்கி, வருத்தக்காரரையும் வெயிலில இருத்தி வைச்சு. என்ர மூத்தவள் ஒருக்கா வவுனியாவுக்குச் சோதினை எழுதப் போக, லைன் நகராம, போய்ச்சேர மண்டபக் கதவு பூட்டிட்டினம். அவள் இப்பவும் அந்த இடத்தைக் கடக்கேக்க யன்னலால பாக்கமாட்டாள்.

மீன்பிடிக்கிறவை கரையில போடுற ஓலைக் கொட்டில், வாடி எண்டுறது, அதையும் விட்டுப்போடாதேங்கோ. சோழகக்காத்து அடிக்கேக்க தெற்குக் கரையில தொழில் செய்யேலாது, வாடைக்காத்துக்கு வடக்குக் கரையில ஏலாது, அதால காத்து மாற ஓலை, கம்பு, வலை, கோழி, நாய் எல்லாத்தையும் கட்டிக்கொண்டு சனம் மற்றக் கரைக்கு மாறும். ரெண்டு கரையிலயும் வாடி, ரெண்டு கரையிலயும் அடுப்பு. கரவலை இழுக்கேக்க அம்பா பாடுறதைக் கேட்டு வீட்டில இருந்தே அண்டைக்கு மீன் பாரமோ லேசோ எண்டு அம்மா சொல்லிப்போடுவா. இப்ப தெற்குக் கரையில முப்பது பெரிய காத்தாடி நிக்குது, 2020ல திறந்தினம், ரா முழுக்க ஒரு சிவப்பு லைட் விட்டுவிட்டு எரியுது. கரண்ட் வேணும்தான், நான் இல்லையெண்டு சொல்லேல்லை. காத்தாடி வேணுமோ வேண்டாமோ எண்ட சண்டையை வேற ஆக்கள் பிடிக்கினம், எனக்கு இந்த மனுவில அது வேண்டாம். ஆனா வாடி இருந்த இடமெல்லாம் எது எண்டு காட்டத் தெரிஞ்ச கிழவர் தாழ்வுபாட்டிலயும் பேசாலையிலயும் இன்னும் கொஞ்சப்பேர் இருக்கினம், கோவிட்டுக்குப் பிறகு கனபேர் போயிட்டினம். பள்ளிக்கூடப் பிள்ளையளிட்டப் போனைக் குடுத்து அவையின்ர கதையைப் பதிஞ்சு வைக்கச் சொல்லி ஒரு சுற்றறிக்கை விட்டா அதுக்குக் காசே தேவையில்லை.

இன்னொரு விசயம் பணிவாச் சொல்லுறன். முந்தி ஒருக்கா ஒரு இடத்தில, எந்த இடம் எண்டு சொல்லேல்லை, மூண்டு மொழியில பலகை வைச்சினம். தமிழில மட்டும் ஒரு கொம்பு பிழைச்சு ஊரின்ர பேரே கெட்ட சொல்லாப் போச்சு. பொடியள் அதுக்கு முன்னால நிண்டு படம் எடுத்துப் போட்டு ஊரே சிரிச்சது, திருத்த ஒரு வருசத்துக்கு மேல எடுத்தது. அதால பெயின்ற் அடிக்க முந்தி எழுத்தை ஒரு தாளில எனக்குக் காட்டுங்கோ. சம்பளம் வேண்டாம். பியர் எண்டா "பியர்" எண்டே எழுதுங்கோ, "இறங்குதுறை" எண்டு எழுதினா எங்கட ஆக்களுக்கே அது எங்க இருக்கெண்டு விளங்காது.

பொதுமக்கள் சந்திப்பு நாளில நான் நேர வாறன். போன தடவை வந்தனான், நம்பர் வர முந்தி நேரம் முடிஞ்சிட்டுது. இந்தத் தடவை வெள்ளனவே வந்து முன்வரிசையில இருப்பன், வெள்ளைச் சாரம், கையில பெரிய காக்கி என்வலப். அதுக்குள்ள பியரின்ர பழைய போட்டோ ரெண்டு இருக்கு, ஒண்டில அம்மாவின்ர தேத்தண்ணிக் கேத்தில் பாதி தெரியும். போட்டோக்கொப்பி அடிச்சுத் தாறன், ஒறிஜினலைத் தரமாட்டன்.

இப்படிக்கு,
பியரில தேத்தண்ணி வித்தவவின்ர மகன்,
சின்னக்கடை, மன்னார்.

பி.கு: அந்த ஓட்டோக்காரப் பொடியனோட பேந்து கதைச்சனான். நல்ல பொடியன். பலகை வைச்சா தானே காவல் பாக்கிறனாம், ஆனா அவன்ர ஓட்டோ நிப்பாட்டுற இடத்தை மறைக்காம வைக்கட்டாம்.