கறுப்பு உறையை இப்போது பிரிக்காதே

அன்புள்ள தோழிக்கு,

கடிதத்தோடு ஒரு கறுப்பு உறையும் இருக்கும். அதை வெளிச்சத்தில் பிரித்துவிடாதே. அலமாரிக்குள் வைத்துவிட்டு வந்து இதைப் படி. அது என்ன என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

நலமா என்று கேட்கவே தயக்கமாக இருக்கிறது. அப்பா போய் நான்கு மாதம்தான் ஆகிறது. அன்றைக்கு வந்த நான் ஒரு நாள் முழுதாகக்கூட உன்னோடு இருக்காமல் கிளம்பிவிட்டேன். அது இன்னும் மனதை உறுத்துகிறது. "உன் வீட்டுக் கதையை எழுது, எதையாவது படித்துக்கொண்டிருந்தால் தேவலை போலிருக்கிறது" என்று போன கடிதத்தில் கேட்டிருந்தாய். எழுத நிறைய சேர்ந்திருக்கிறது. இந்தக் கோடை முழுக்க எங்கள் வீட்டில் எல்லார் கைவிரலும் நீலமாகவே இருந்தது.

விடுமுறை தொடங்கிய வாரம் ஒரு பழைய பொருள் விற்பனைக்குப் போயிருந்தேன். உனக்குத்தான் தெரியுமே, நான் எப்போதும் கடைசி ஒரு மணி நேரத்தில்தான் போவேன். நல்ல பொருளெல்லாம் காலையிலேயே போய்விடும் என்பது உண்மைதான். ஆனால் மிச்சத்தைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போக யாருக்கும் மனம் வராது. கேட்டதைக் கேட்ட விலைக்குக் கொடுத்துவிடுவார்கள். அப்படித்தான் ஒரு பெட்டி நிறைய பழைய படச் சட்டங்கள் கிடைத்தன. உள்ளே இருந்த படங்கள் வெளுத்துப்போயிருந்தன. எனக்கு வேண்டியது கண்ணாடியும் பின்னால் இறுக்கிப் பிடிக்கும் அந்தக் கிளிப்புகளும்தான்.

வெயிலை வைத்தே படம் அச்சிடும் பழைய முறை ஒன்று இருக்கிறது. சயனோடைப் என்று பெயர், நாங்கள் நீல அச்சு என்கிறோம். இரண்டு இரும்பு உப்புகள் போதும். 100 மில்லி தண்ணீரில் 25 கிராம் ஃபெர்ரிக் அம்மோனியம் சிட்ரேட், இன்னொரு 100 மில்லியில் 10 கிராம் பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு. தனித்தனிப் புட்டியில் வைத்திருந்து, வேண்டும்போது சம அளவு கலந்து, மங்கலான பல்பு வெளிச்சத்தில் பருத்தித் துணியில் பூசி, இருட்டில் காயவிட வேண்டும். காய்ந்ததும் துணியின் மேல் இலையை வைத்து, கண்ணாடியால் அழுத்தி வெயிலில் வைத்தால், வெயில் பட்ட இடம் நீலமாகிறது, இலை மறைத்த இடம் தண்ணீரில் அலசியதும் வெள்ளையாக வருகிறது. நடுப்பகல் வெயிலில் பத்து பதினைந்து நிமிடம். அவ்வளவுதான். (அந்த இரண்டாவது உப்பைச் சூடாக்கவும் கூடாது, அமிலத்தோடு சேர்க்கவும் கூடாது. அதனால் நிறுப்பது, கலக்குவது, பூசுவது எல்லாம் நான் மட்டும்தான், கையுறை போட்டுக்கொண்டு, சமையல் பாத்திரம் எதையும் தொடாமல். குழந்தைகளின் வேலை காய்ந்த துணியிலிருந்து தொடங்கும்.)

முதல் இலை அச்சானதை நீ பார்த்திருக்க வேண்டும். வெயிலில் இருக்கும்போது துணி அழுக்குச் சாம்பல் நிறத்துக்கு மாறி, கெட்டுப்போனதுபோலத்தான் இருந்தது. தண்ணீரில் போட்டதும் மஞ்சள் கரைந்து ஓட, அடியிலிருந்து நீலம் எழுந்து வந்தது. நடுவில் ஒரு பெரணி இலை, ஒவ்வொரு நரம்பும் தனித்தனியாக. சின்னவன் கத்திய கத்தலில் மாமா மாடியிலிருந்து இறங்கி வந்துவிட்டார்.

அப்போதுதான் போர்வை யோசனை வந்தது. ஆறு அங்குலச் சதுரங்களாக அச்சிட்டு, வீட்டில் கிடக்கும் பழைய சட்டைத் துணிகளோடு மாற்றி மாற்றிச் சேர்த்துத் தைத்தால் என்ன? எட்டு வரிசைக்குப் பத்து, மொத்தம் 80 சதுரம். அதில் 40 நீல அச்சு. தையலுக்கு நாலு பக்கமும் கால் அங்குலம் விட்டு ஆறரை அங்குலமாக வெட்டினேன். தைத்து முடிந்தால் 48க்கு 60 அங்குலம் வரும்.

துணியில்தான் முதலில் ஏமாந்தேன். சுத்தப் பருத்தி என்று சொல்லித் தந்த மலிவான படுக்கை விரிப்பு ஒன்றில் பூசினேன். அலசும்போது பாதி நீலம் தண்ணீரோடு போய்விட்டது. ஓரத்தில் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பார்த்தேன். பருத்தியாக இருந்தால் காகிதம் எரியும் வாசனை வரும், சாம்பல் மெத்தென்று உதிரும். இது உருகி, ஆறியதும் கெட்டியான மணியாக உருண்டு நின்றது. பாலியஸ்டர் கலந்த துணி. அன்றிலிருந்து ஒரு பழக்கம் சேர்ந்துகொண்டது. மலிவுத் துணி எதை வாங்கினாலும் ஒரு நூலை எரித்துப் பார்க்காமல் வெட்டுவதில்லை. புதுத் துணியாக இருந்தால், கஞ்சிப் பசை போக ஒருமுறை நன்றாகத் துவைத்துவிடவும் வேண்டும், இல்லாவிட்டால் கரைசல் நூலுக்குள் இறங்காது.

சட்டங்களிலும் ஒன்று படுத்தியது. மற்றதெல்லாம் நன்றாக வரும், அது ஒன்றில் மட்டும் எத்தனை நேரம் வைத்தாலும் வெளிறிய நீலம்தான். பெரியவள்தான் கண்டுபிடித்தாள். அதில் இருந்தது படம் வெளுக்காமல் இருப்பதற்காகப் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் வகைக் கண்ணாடி. நமக்கு வேண்டியதே அந்தக் கதிர்தான். விடுமுறை முழுக்கக் கையில் போனோடு இருப்பாளோ என்று நான் கவலைப்பட்ட பெண், அதே போனில் ஒவ்வொரு சட்டத்துக்கும் நேரம் வைத்து, எந்த மணிக்கு எத்தனை நிமிடம், மேகம் இருந்ததா என்று ஒரு நோட்டு நிறைய எழுதி வைத்திருக்கிறாள். அவளை நினைத்தால் அவ்வளவு பெருமையாக இருக்கிறது.

இதனால் எங்கள் வெளியூர்ப் பயணங்களே மாறிவிட்டன. முன்பெல்லாம் ஒரு நாளில் நாலு இடம் பார்த்தாக வேண்டும் என்று ஓடுவோம். யாருக்கும் எதுவும் நினைவில் நிற்காது. இந்த முறை ஒரு நாளைக்கு ஓர் இடம்தான். ஆற்றங்கரைக்கு நாணலுக்காக, மலைக்குப் பெரணிக்காக, கடலுக்குப் பாசிக்காக. தாவரவியல் பூங்காவில் பறிக்கக் கூடாது, உதிர்ந்ததைக்கூட அங்கிருந்தவரைக் கேட்டுத்தான் எடுத்தோம். மாமாவுக்கு முழங்கால் வலி. எங்கே போனாலும் காரிலேயே உட்கார்ந்துவிடுவார். இப்போது குழந்தைகள் பொறுக்கி வருவதையெல்லாம் தரம் பிரிப்பது அவர்தான். தடித்த இலை துணியோடு படியாது, ஓரத்தில் வெளிச்சம் புகுந்து உருவம் கலங்கிவிடும். மெல்லிசாக, தட்டையாக இருந்தால்தான் கோடு சுத்தமாக விழும். இதை நாங்கள் யாரும் அவருக்குச் சொல்லவில்லை, பார்த்துப் பார்த்து அவரே பிடித்துக்கொண்டார். பழைய டெலிபோன் டைரக்டரி ஒன்றின் பக்கங்களுக்கு நடுவே இலைகளை வைத்து அழுத்தி, எங்கே எடுத்தது, யார் எடுத்தது என்று ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறார். அத்தை போன பிறகு அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

நடுவில் ஒரு பெரிய நஷ்டம். 12 சதுரங்கள் சேர்ந்திருந்தன. பளிச்சென்று இருக்கட்டும் என்று அவற்றை வழக்கமான சோப்புத் தூள் போட்டு வாஷிங் மெஷினில் போட்டுவிட்டேன். வெளியே எடுத்தால் நீலத்தையே காணோம், பழுப்பு மஞ்சளாக ஏதோ கறை மட்டும் இருந்தது. காரம் பட்டால் அந்த நீலம் சிதைந்துவிடும் என்பது எனக்குத் தெரியாது. வெயிலில் கொஞ்சம் வெளுத்த அச்சை இருட்டில் வைத்திருந்தால் மெல்ல நிறம் திரும்பும். இதற்கு அப்படி வழி ஏதும் இல்லை. சின்னவன் கடற்கரையில் கண்டெடுத்த இறகும் அந்தப் பன்னிரண்டில் ஒன்று. இறகும் எங்கேயோ தொலைந்திருந்தது. சத்தம் போட்டு அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை, ஒன்றுமே சொல்லாமல் போய்ப் படுத்துவிட்டான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் கணவர் விடியற்காலையிலேயே எல்லாரையும் எழுப்பி அதே கடற்கரைக்கு அழைத்துப்போனார். அந்த மாதிரி இறகு கிடைக்கவில்லை. நூலாக நூலாகப் பிரியும் ஒரு பாசியைப் பிடித்துக்கொண்டு வந்தான். போர்வையின் நட்ட நடுவில் இருப்பது அதுதான்.

அப்புறம், பழைய தையல் மெஷின் ஒன்றைப் பார்த்திருப்பதாகவும் வாங்கலாமா என்றும் கேட்டிருந்தாய். வாங்கு, ஆனால் போகும்போது உன் துணியையும் இரண்டு வேறு நிறத்தில் நூலும் எடுத்துக்கொண்டு போ. மேலே ஒரு நிறம், கீழ் நூல் சுற்றியிருக்கும் பாபினில் ஒரு நிறம் போட்டு, துணியை இரண்டாக மடித்துத் தைத்துப் பார். மேல் பக்கம் கீழ் நூலின் நிறம் எட்டிப் பார்த்தால் நூல் இறுக்கம் சரியில்லை என்று பொருள். அது திருகைத் திருப்பிச் சரிசெய்யக்கூடியதுதான். சக்கரத்தைக் கையால் உன் பக்கமாகச் சுற்று. பிசுபிசுவென்று கனமாகச் சுற்றினால் பெரும்பாலும் பழைய எண்ணெய் உறைந்திருக்கும், துடைத்துப் புது எண்ணெய் விட்டால் சரியாகிவிடும். ஒரே இடத்தில் தட்டி நின்றால் யோசி. பாபின் கேஸ் உள்ளே இருக்கிறதா என்பதைக் கட்டாயம் பார், அது இல்லாமல் விற்பவர்கள் நிறைய. சிங்கர் என்றால் மேலே பொறித்திருக்கும் எண்ணை வைத்தே எந்த ஆண்டு செய்தது என்று தெரிந்துகொள்ளலாம்.

சரி, கறுப்பு உறைக்கு வருகிறேன்.

இந்த அச்சைப் பற்றித் தேடிப் படித்தபோது ஒரு பெண்ணைப் பற்றித் தெரிந்துகொண்டேன். ஜான் ஹெர்ஷல் என்ற விஞ்ஞானி 1842இல் இந்த முறையைக் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டே இங்கிலாந்தில் அன்னா அட்கின்ஸ் என்ற தாவரவியலாளர் கடற்பாசிகளை இப்படி அச்சிட்டு ஒரு தொகுப்பாக வெளியிடத் தொடங்கிவிட்டார். அவ்வளவு மெல்லிய பாசியைக் கையால் வரைவது பெரும்பாடு, வெயிலோ அதை அப்படியே பதித்துத் தந்துவிடுகிறது. 1853 வரை, பத்து வருடம் விடாமல் செய்திருக்கிறார். கைக்குழந்தையாக இருந்தபோதே தாயை இழந்தவர், அப்பாதான் அறிவியலும் சொல்லித் தந்து வளர்த்திருக்கிறார். அந்த அப்பா 1852இல் இறந்துபோனார். அந்த ஆண்டுக் கோடையில் சிறு வயதிலிருந்தே உடன்பிறந்தவள் போலப் பழகிய தோழி ஆன் டிக்ஸன் வந்து அவரோடு தங்கினார். அடுத்த ஆண்டு, பெரணிகளின் நீல அச்சுத் தொகுப்பு ஒன்றை இருவரும் சேர்ந்தே செய்திருக்கிறார்கள்.

இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. உன்னையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

உறையில் மூன்று துணிச் சதுரங்கள் இருக்கின்றன. பூசிக் காயவைத்தவை, வெளிச்சம் படாதவரை சில வாரம் தாங்கும். விடுதியில் நாம் ஒரே அறையில் இருந்தபோது அப்பா உனக்கு வாராவாரம் எழுதுவாரே, கடைசி வரியில் என்னையும் பெயர் சொல்லி விசாரித்து, அந்தக் கடிதங்களை நீ பத்திரமாக வைத்திருக்கிறாய் என்று தெரியும். அதில் ஒன்றை எடு. அசலை வெயிலில் வைக்காதே, மை வெளுத்துவிடும். ஜெராக்ஸ் எடுக்கும் இடத்தில் கொடுத்து, கண்ணாடிபோலத் தெளிவான பிளாஸ்டிக் தாளில் நல்ல கறுப்பாக நகல் எடுத்துக்கொள். சதுரத்துக்குள் அடங்கும் அளவுக்கு நாலைந்து வரி போதும். எழுத்து நேராகத் தெரியும்படி துணிமேல் வைத்து, மேலே கண்ணாடி வைத்து அழுத்து. முதல் துணியைக் கீற்றுக் கீற்றாக வெட்டி 8, 12, 16 நிமிடம் என்று வைத்துப் பார்த்துக்கொள், உன் ஊர் வெயில் எப்படி என்று தெரிந்துவிடும். பிறகு மற்ற இரண்டையும் அச்சிடு. மஞ்சள் நீர் வடிவது நிற்கும்வரை வெறும் தண்ணீரில் அலசு. சோப்பு வேண்டவே வேண்டாம். நிழலில் காயப்போடு. மறுநாள் பார்த்தால் நீலம் இன்னும் ஆழமாகியிருக்கும், அவர் கையெழுத்து வெள்ளையாகத் தெரியும்.

ஒன்று உனக்கு, ஒன்று எனக்கு. அவர் எனக்கும் அப்பாதானே.

தபாலில் அனுப்பாதே, நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். மாதக் கடைசியில் பத்து நாள் விடுப்பு கேட்டிருந்தேன், கிடைத்துவிட்டது. பிள்ளைகளை மாமாவும் அவரும் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள். கரைசல் புட்டிகளையும் இரண்டு சட்டங்களையும் எடுத்து வருகிறேன். மெஷினை மட்டும் நான் வரும்வரை வாங்காமல் இரு, சேர்ந்து போய்ப் பார்க்கலாம்.

உன்
பழைய அறைத்தோழி