தாரிக் தட்டுகிறது என்று காட்டும் சகோதரர்களுக்கு

குர்ஆனில் வரும் விண்வெளிச் சொற்களுக்குத் தமிழில் விளக்க வீடியோ போடும் சகோதரர்களே, அஸ்ஸலாமு அலைக்கும்.

போன வாரம் மஃரிபு தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்தேன். எட்டாவது படிக்கும் மகள் ஹெட்ஃபோனை என் காதில் மாட்டி, "அத்தா, கேளுங்க, தாரிக் கதவு தட்டுது" என்றாள். டக், டக் என்று சீரான சத்தம். திரையில் குர்ஆனின் 'தாரிக்' என்ற சூராவின் (அத்தியாயத்தின்) முதல் மூன்று ஆயத்துகள் (வசனங்கள்). 'தட்டும் நட்சத்திரம் என்று அல்லாஹ் சொன்னது பல்சரைத்தான், இதோ அதன் ஓசை' என்றது குரல். பிள்ளையின் கண் கலங்கியிருந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

பல்சர் என்பது வேகமாகச் சுழன்றபடி சீரான ரேடியோ துடிப்புகளை அனுப்பும் சுருங்கிய நட்சத்திரம். 1967-ல் கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவி ஜோசலின் பெல் முதல் பல்சரைக் கண்டபோது காதால் எதையும் கேட்கவில்லை. காகிதச் சுருளில் பேனா இழுத்த கோடுகளைத்தான் பார்த்தார். சுமார் 1.33 விநாடிக்கு ஒரு துடிப்பு. வந்தது ரேடியோ அலை. அதைச் சத்தமாக மாற்றியது மனிதர்கள். விநாடிக்கு 716 முறை சுழலும் பல்சரும் உண்டு. அதை ஒலியாக்கினால் ரீங்காரம்தான் வரும், தட்டல் வராது. எல்லாவற்றுக்கும் மேலாக, வெறுங்கண்ணுக்குத் தெரியும் பல்சர் ஒன்றுகூட இல்லை.

ஆயத்தோ வானத்தின் மீது சத்தியமிட்டுத் தொடங்குகிறது. 'தரக்க' என்றால் தட்டினான். இரவில் வந்து சேரும் பயணி கதவைத் தட்டித்தானே ஆகவேண்டும்? அதனால் இரவில் வருபவனையே அரபிகள் தாரிக் என்றார்கள். பகலில் மறைந்து இரவில் தெரிவதால் நட்சத்திரத்துக்கு அந்தப் பெயர் என்கிறது இப்னு கஸீரின் தஃப்சீர், அதாவது குர்ஆன் விளக்கவுரை. அது சுரையா, அதாவது நம் கார்த்திகை நட்சத்திரக் கூட்டம் என்ற கருத்தும் உண்டு. ஸுஹல் என்னும் சனி என்ற கருத்தும் உண்டு. ஆடு மேய்த்தவரும் அண்ணாந்தால் பார்த்திருக்கக்கூடியவை இவை. பல்சர் மட்டுமே பொருள் என்றால், 1967 வரை ஓதிய நபித்தோழர்களான ஸஹாபாக்களும் இமாம்களும் அர்த்தம் தெரியாமலா ஓதினார்கள்? அப்படிச் சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

சூரா தக்வீரில் வரும் 'குன்னஸ்' (பதுங்கி மறைபவை) என்ற சொல்லின் விஷயமும் இதே கதைதான். அதே வேரிலிருந்துதான் மான் பதுங்கும் புதருக்கு 'கினாஸ்' என்று பெயர். அந்த அழகான சொல்லைத் துடைப்பமாக்கி, கருந்துளை எல்லாவற்றையும் கூட்டி அள்ளுகிறது என்கிறீர்கள்.

உங்களுக்குத் தோன்றுவதைச் சொல்லுங்கள், ஆனால் 'இது என் ஊகம்' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பதிவேற்றும் முன் மார்க்கம் கற்ற ஓர் ஆலிமிடமும் இயற்பியல் படித்த ஒருவரிடமும் காட்டுங்கள். ஏற்கெனவே போட்ட வீடியோவின் தொடக்கத்தில், 'இது ரேடியோ அலையை ஒலியாக மாற்றியது' என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அதை மகளிடம் நானே காட்டுகிறேன்.