சிப்பிப்பாறைக் குட்டிக்கு என்ன உணவு கொடுப்பது?

சென்னை

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அண்ணனுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்து, இப்போது தாமே நாளிதழ் படிக்கிறார் என்று நீ எழுதியிருந்தது மனத்துக்கு நிறைவாக இருந்தது. இங்கு எல்லோரும் நலம். எங்கள் நாய் பொம்மிக்கு முகமெல்லாம் நரைத்துவிட்டது. ஆனாலும் காலை நடைக்கு அவள்தான் எங்களை எழுப்புகிறாள்.

உங்கள் வீட்டுக்குச் சிப்பிப்பாறை இன நாய்க்குட்டி வந்திருப்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. அந்த இனத்துக்குப் பெயர் தந்த சிப்பிப்பாறை ஊர் கோவில்பட்டிக்குப் பக்கத்திலேயே இருந்தும், அந்த இனத்தை வளர்ப்பவர்கள் குறைந்துகொண்டே வரும் காலத்தில் நீங்கள் அதைத் தேர்ந்தெடுத்தது மிக நல்ல செயல். நான்கு மாதக் குட்டிக்குத் தயிர்ச்சோறே போதும் என்று அத்தை சொல்வதாகவும், தானியமே சேராத வெளிநாட்டுத் தீனிதான் உயர்ந்தது என்று கார்த்திக் பெங்களூரிலிருந்து ஒரு மூட்டை அனுப்பியிருப்பதாகவும், எது சரி என்று தெரியாமல் நீ இருப்பதாகவும் எழுதியிருக்கிறாய். பொம்மிக்காக இந்த விஷயத்தை நான் நிறையப் படித்தும், கால்நடை மருத்துவர்களிடம் கேட்டும் வந்திருப்பதால், கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

வீட்டு உணவானாலும் கடை உணவானாலும், இந்த வயதில் அந்தக் குட்டிக்கு வேண்டிய எல்லாச் சத்தும் சரியான அளவில் அதில் இருக்கிறதா என்பதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. விலை, எந்த நாட்டுச் சரக்கு, உறையின் மேல் அச்சிட்ட இறைச்சித் துண்டின் படம் ஆகியவற்றையெல்லாம் அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

தயிர்ச்சோற்றைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 600 கிராம் சோறும் 350 கிராம் தயிரும் சேர்ந்தால் ஏறத்தாழ 1000 கலோரி கிடைக்கும். அதில் புரதம் சுமார் 27 கிராம், கால்சியம் அரை கிராம் அளவில் இருக்கும். அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அலுவலர்களின் சங்கமான ஆஃப்கோ, வளரும் குட்டிகளுக்கு ஒவ்வொரு 1000 கலோரிக்கும் குறைந்தது 56 கிராம் புரதமும் 3 கிராம் கால்சியமும் வேண்டும் என்று வரையறுத்திருக்கிறது. அதாவது, குட்டி வயிறு நிறையச் சாப்பிட்டாலும் புரதம் பாதிதான் சேர்கிறது. கால்சியம் ஆறில் ஒரு பங்குதான் சேர்கிறது. வயிறு நிறைந்ததால் அது அமைதியாகப் படுத்துக்கொள்ளும், பார்ப்பவர்களுக்கும் குறை தெரியாது; எலும்பு வளரும் மாதங்கள் கடந்த பிறகுதான் வளைந்த முன்னங்கால்களில் அந்தக் குறை வெளிப்படும்.

அத்தை சொல்வதில் உண்மை இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அவர்கள் சிறு வயதில் பார்த்த நாய்கள் கம்பங்கூழும் கேப்பைக் களியும் குடித்துத் திடமாகத்தான் இருந்தன. ஆனால் அந்த நாய்களின் முழு உணவு கூழ் மட்டுமாக இருக்கவில்லை என்பதை நாம் மறந்துவிடுகிறோம். அவை வேட்டை நாய்கள். முயல் வேட்டையில் அவற்றுக்கும் ஒரு பங்கு கிடைத்தது, காட்டில் எலியையும் அணிலையும் தாமே பிடித்துத் தின்றன, ஆடு அறுத்த இடத்தில் குடலும் எலும்பும் பொறுக்கின. கூழ் உடம்புக்குச் சூட்டையும் தெம்பையும் கொடுத்தது; புரதமும் கால்சியமும் அந்த வேட்டையிலிருந்து வந்தன. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு வேட்டை குற்றமாகிவிட்டது, அது சரியானதும்கூட. இப்போது உங்கள் மதில் சுவருக்குள் வளரும் குட்டிக்கு, நீ தட்டில் வைப்பதைத் தவிர வேறு எந்த வழியிலும் சத்து வந்து சேராது. அத்தையிடம் இதை இப்படியே எடுத்துச் சொல். அந்தக் காலத்து நாய்களை அவர்கள் நேரில் பார்த்தவர்கள் என்பதால் எளிதில் ஒப்புக்கொள்வார்கள்.

கார்த்திக் அனுப்பிய தானியமில்லாத தீனியைப் பற்றி. நாய் ஓநாயின் வழிவந்தது, ஆகவே தானியம் அதற்கு ஒவ்வாது என்ற எண்ணம் இளைஞர்களிடையே பரவலாக இருக்கிறது. 2013-இல் நேச்சர் இதழில் வெளியான ஸ்வீடன் ஆய்வாளர்களின் கட்டுரை, மாவுச்சத்தைச் செரிக்க உதவும் ஒரு மரபணு ஓநாய்களில் இரண்டு பிரதிகளே இருக்க, நாய்களில் 4 முதல் 30 வரை இருப்பதைக் காட்டியது. மனிதரோடு வாழத் தொடங்கி, அவர்கள் விளைவித்ததையும் உண்டு பழகியதால் ஏற்பட்ட மாற்றம் அது. வெந்த அரிசியும் சோளமும் நாய்க்கு நன்றாகவே செரிக்கின்றன. உணவு ஒவ்வாமை உள்ள நாய்களிலும் மாட்டிறைச்சி, பால் பொருள்கள், கோழி ஆகியவையே பெரும்பாலும் காரணமாக இருக்கின்றன; தானியங்கள் அவற்றுக்குப் பின்னால்தான் வருகின்றன.

இன்னொரு செய்தியும் கார்த்திக்குக்குத் தெரிய வேண்டும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018 ஜூலையில் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. இதயத் தசை விரிந்து தளரும் நோய், வழக்கமாக அது வராத இன நாய்களுக்கும் வருவதாகத் தகவல்கள் வந்தன. அவற்றில் பல நாய்கள், தானியத்துக்குப் பதிலாகப் பட்டாணி, பருப்பு, உருளைக்கிழங்கு ஆகியவற்றை முதன்மையாகச் சேர்த்த தீனியை உண்டவை. உணவுதான் காரணம் என்று நிறுவப் போதுமான சான்று இல்லை என்று 2022 டிசம்பரில் அதே நிர்வாகம் கூறியது உண்மைதான். ஆனாலும், தானியத்தால் ஒரு தொல்லையும் இல்லாத குட்டிக்கு, கூடுதல் பணம் கொடுத்து இப்படி ஐயத்துக்கு இடமான உணவை ஊட்டுவதில் எனக்கு ஒரு நியாயமும் தெரியவில்லை. அந்த மூட்டையை உடைக்காமல் வைத்திருந்தால், மாற்றிக் கொடுப்பார்களா என்று கேட்கச் சொல்.

கடையில் தீனி வாங்கும்போது உறையின் முன்பக்கத்தைப் படிக்க வேண்டாம், பின்பக்கத்தைத் திருப்பு. அங்கே பொடி எழுத்தில், இது எந்த வயது நாய்க்கு முழுமையான, சமச்சீரான உணவு என்று ஒரு வரி இருக்க வேண்டும். வளரும் குட்டிகளுக்கு அல்லது எல்லா வயதுக்கும் என்று அது தெளிவாகச் சொல்ல வேண்டும். ஆஃப்கோவின் அல்லது செல்லப்பிராணி உணவுத் துறையின் ஐரோப்பியச் சங்கமான ஃபெடியாஃபின் அளவுகளின்படி தயாரித்தது என்ற குறிப்பும் இருந்தால் நல்லது. வளர்ந்த நாய்க்கு மட்டும் என்றிருந்தால் உன் குட்டிக்கு அது உதவாது. சிறு பைகளில் விற்கும் குழம்பு போன்ற ஈர உணவுகளில் சில, துணை உணவு என்றே பின்பக்கத்தில் அச்சிடப்பட்டிருக்கும். அவற்றை மட்டுமே ஊட்டி ஒரு குட்டியை வளர்க்க முடியாது.

அடுத்து, புரதத்தின் அளவு. உலர் தீனியில் 24 விழுக்காடு என்றும் ஈர உணவில் 8 விழுக்காடு என்றும் போட்டிருந்தால், உலர் தீனிதான் மும்மடங்கு சத்துள்ளது என்று தோன்றும். ஈர உணவில் 78 விழுக்காடு தண்ணீர்; அதைக் கழித்துவிட்டு மீதியில் பார்த்தால் புரதம் 36 விழுக்காட்டுக்கு வந்துவிடுகிறது. உலர் தீனியில் பத்து விழுக்காடு ஈரத்தைக் கழித்தால் ஏறத்தாழ 27. ஒப்பிடுவதாக இருந்தால் தண்ணீரைக் கழித்துத்தான் ஒப்பிட வேண்டும். மூலப்பொருள் பட்டியலிலும் இதே சிக்கல் உண்டு. பொருள்களைச் சமைப்பதற்கு முந்தைய எடையின் வரிசையில் எழுதுவதால், முக்கால் பங்கு தண்ணீராக இருக்கும் பச்சைக் கோழி இறைச்சி முதலிடத்துக்கு வந்துவிடும். தண்ணீர் நீக்கி உலர்த்திய கோழிப்பொடி நான்காம் இடத்தில் இருந்தாலும் அதிகப் புரதம் அதிலிருந்தே வரக்கூடும். மக்காச்சோளம், மக்காச்சோளப் புரதம், மக்காச்சோளத் தவிடு என்று ஒரே பொருளைப் பிரித்துப் பிரித்து எழுதி அதன் இடத்தைக் கீழே இறக்குவதும் நடக்கிறது.

புரத விழுக்காடு என்ற எண்ணையே முழுதாக நம்பிவிடவும் கூடாது. ஆய்வுக்கூடத்தில் நைட்ரஜனை அளந்து, 6.25-ஆல் பெருக்கித்தான் அதைச் சொல்கிறார்கள்; அந்த நைட்ரஜன் முட்டையிலிருந்து வந்ததா, இறகிலிருந்து வந்ததா என்று அந்தச் சோதனைக்குத் தெரியாது. 2007-இல் வட அமெரிக்காவில் சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரதத்தில் மெலமைன் என்ற நைட்ரஜன் மிகுந்த வேதிப்பொருளைக் கலந்திருந்தார்கள். சோதனையில் புரதம் உயர்ந்து தெரிந்தது, அந்தத் தீனியைத் தின்ற நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் செயலிழந்து மாண்டன. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதைக்கிறது, ஏனென்றால் தட்டில் வைத்ததைச் சந்தேகிக்க நாய்க்குத் தெரியாது. ஆகவே, சத்துணவியல் படித்த கால்நடை மருத்துவர் யாரேனும் அந்த நிறுவனத்தில் இருக்கிறாரா, ஒவ்வொரு தொகுதியையும் சோதிக்கிறார்களா, நூறு கிராமில் எத்தனை கலோரி என்று கேட்டால் சொல்கிறார்களா என்று கார்த்திக்கை விட்டு மின்னஞ்சலில் விசாரிக்கச் சொல். உலகச் சிறு விலங்கு மருத்துவர் சங்கமும் இவற்றையெல்லாம் கேட்கும்படிதான் பரிந்துரைக்கிறது. பதிலே வராத நிறுவனத்தை விட்டுவிடலாம்.

வீட்டிலேயே சமைத்துப் போட உனக்கு விருப்பம் இருப்பது உன் எழுத்தில் தெரிகிறது. அது முடியாத காரியமில்லை, ஆனால் நாம் சாப்பிட்டதில் மிஞ்சியதைப் போடுவது வேறு, குட்டிக்கென்று சமைப்பது வேறு. வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. ஆகவே குழம்பு, பிரியாணி, சாம்பார் எதையும் கலக்கக் கூடாது. திராட்சையும் உலர்ந்த திராட்சையும் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பதால் பாயசமும் கேசரியும் வேண்டாம். சாக்லேட்டும், சைலிட்டால் சேர்த்த சர்க்கரையில்லாத மிட்டாய்களும் நஞ்சு. வெந்த எலும்பு கூராக உடைந்து குடலைக் கிழிக்கும். உப்பில்லாமல் வேகவைத்த கோழி, முட்டை, சோறு, பூசணி, கேரட், வாரத்தில் சிறிது ஈரல் ஆகியவை நல்லவை. முட்டையை வேகவைத்தே கொடு. ஆனால் எலும்பில்லாத கோழிக்கறியில் பாஸ்பரஸ், கால்சியத்தைப் போலப் பத்து மடங்குக்கு மேல் இருக்கிறது. கறியும் சோறும் மட்டும் தின்று வளரும் குட்டியின் உடல், குறைகிற கால்சியத்தைத் தன் எலும்பிலிருந்தே உருவி எடுக்கும். அதைச் சரிசெய்ய எவ்வளவு கால்சியம், வேறு என்னென்ன தாதுக்கள் என்பதை ஒரு மருத்துவர் எடையைப் பார்த்துக் கணக்கிட்டுத் தர வேண்டும். திருநெல்வேலி ராமையன்பட்டியில் இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரி உனக்கு எட்டும் தொலைவுதான். ஒருமுறை குட்டியை அழைத்துச் சென்று கேட்டுவிடு.

கால்சியம் டானிக்கைக் கடைக்காரர் சொன்னார் என்று நீயாக வாங்கி ஊற்றிவிடாதே. முழுமையான குட்டித் தீனியில் வேண்டிய கால்சியம் ஏற்கெனவே இருக்கிறது. மிகையாக வருவதை வேண்டாமென்று தள்ளும் திறன் சின்னக் குட்டியின் குடலுக்கு இன்னும் முழுதாக வந்திருக்காது. மிகுந்தாலும் எலும்பு கோணித்தான் வளரும்.

எனக்குச் சரியென்று படுவது இதுதான்: ஒரு வயது முடியும் வரை குட்டிகளுக்கான முழுமையான உலர் தீனியை அடிப்படையாக வைத்துக்கொள். அத்தையின் ஆசைக்கு இரண்டு கரண்டி தயிர்ச்சோறோ, ஒரு வெந்த முட்டையோ அதன் மேல் வைக்கலாம். அன்றைய கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் சமநிலை குலையாது. புதிய தீனிக்கு ஒரே நாளில் மாற்றாதே. ஒரு வாரம், பத்து நாள் என்று பழையதைக் குறைத்துக்கொண்டே புதியதைக் கூட்டு.

மூட்டையைப் பிரித்துச் சில்லறையாக எடைபோட்டு விற்கும் தீனியை வாங்காதே. நம் வெப்பத்திலும் ஈரத்திலும் பூஞ்சை எளிதில் பிடிக்கும். மக்காச்சோளத்திலும் கடலையிலும் வளரும் ஒருவகைப் பூஞ்சை அஃப்ளடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்குகிறது, அது ஈரலை அழிக்கும். 2020-இன் இறுதியில் அமெரிக்காவில் அப்படி நச்சேறிய தீனியால் நூறு நாய்களுக்கு மேல் இறந்தன. வாங்கிய பையோடு சேர்த்தே மூடியுள்ள டப்பாவுக்குள் வை. தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் எப்போதும் கையில் இருக்கும்.

அளவைப் பையில் போட்டிருக்கும் அட்டவணையிலிருந்து தொடங்கி, குட்டியின் உடம்பைப் பார்த்துத் திருத்திக்கொள். 2002-இல் வெளியான ஓர் ஆய்வில் 48 லாப்ரடார் நாய்களை வாழ்நாள் முழுவதும் கவனித்தார்கள். கால் பங்கு குறைவாக உண்ட நாய்கள் இடைநிலையாக 13 ஆண்டுகளும், மற்றவை 11.2 ஆண்டுகளும் வாழ்ந்தன. பொம்மியும் லாப்ரடார் என்பதால், அதைப் படித்த நாளிலிருந்து இன்றுவரை தராசில் நிறுத்தித்தான் அவளுக்குப் போடுகிறோம். சிப்பிப்பாறையோ இயல்பிலேயே ஒடுங்கிய இனம். விலா எலும்பு இரண்டு மூன்று தெரிவதும், வயிறு உள்வாங்கியிருப்பதும் அதற்கு அழகு. பக்கத்து வீட்டார் எலும்பும் தோலுமாக இருக்கிறதே என்று சொன்னால் கலங்கி அள்ளிப் போட்டுவிடாதே. மலம் கட்டியாக இருக்கிறதா, மயிர் மினுமினுக்கிறதா, எடை வாரா வாரம் சீராக ஏறுகிறதா என்று பார்த்தால் போதும்.

கார்த்திக் அனுப்பிய மூட்டையின் பின்பக்கத்தில் வயதைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதையும், குட்டியின் இப்போதைய எடையையும் அடுத்த கடிதத்தில் எழுது. ஒரு நாளைக்கு எவ்வளவு என்று கணக்கிட்டு அனுப்புகிறேன். குட்டிக்கு என்ன பெயர் வைத்தீர்கள் என்று எழுதவே இல்லையே. அத்தைக்கும் அண்ணனுக்கும் என் வணக்கங்களைச் சொல்.

அன்புடன்,
உன் மீனாட்சி